மான் வேட்டைக்குத் தோளை உதைக்காத தோட்டா எது?

அதிகம் உதைக்காத நடுத்தர அளவுத் தோட்டாவை நீங்களே நிரப்ப வேண்டும், எதை எடுக்கலாம் என்று கேட்கிறீர்கள். என் தேர்வு 7 மி.மீ.-08 ரெமிங்டன். .308 வின்செஸ்டர் என்ற தோட்டாவின் உலோகக் கூட்டை எடுத்து, கழுத்தைக் குறுக்கிச் செய்தது. 1980-இல் சந்தைக்கு வந்தது. 140 கிரெய்ன் (சுமார் 9 கிராம்) எடையுள்ள குண்டை விநாடிக்கு ஏறத்தாழ 2,800 அடி வேகத்தில் அனுப்பும். மானுக்கு அது தாராளம். உதைக்குப் பயந்து விசையைத் தட்டி இழுப்பவர்தான் மானைக் காயத்தோடு ஓடவிடுவார். பழைய 7×57 மவுசர் தோட்டாவும் நல்லதுதான், ஆனால் அந்தக் காலத்துத் துப்பாக்கிகள் அதிக அழுத்தம் தாங்கா.

உதை இன்னும் மென்மையாக வேண்டுமென்றால் வெடிமருந்தை இஷ்டத்துக்குக் குறைக்காதீர்கள். மெதுவாக எரியும் மருந்தைக் கூட்டில் பாதி மட்டும் போடுவதும் ஆபத்தே. ஹாட்ஜ்டன் நிறுவனம் தன் எச்4895 மருந்தை மட்டும், நிரப்பல் கையேட்டில் உள்ள உச்ச அளவின் 60 சதவீதமாகக் குறைக்கலாம் என்கிறது, அதற்குக் கீழே அல்ல. பலர் அதைத்தான் நாடுகிறார்கள். வேகம் குறைந்தால் குண்டு விரியாமல் ஊடுருவிப் போய்விடும். அதனால் மெல்லிய உறையுள்ள 120 கிரெய்ன் குண்டு, கிட்டத்துச் சுடுதல்.

முழு வேக நிரப்பலுக்குக் கையேட்டின் தொடக்க அளவே தொடக்கம். கூட்டிக்கொண்டு போகும்போது பிரைமர் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) தட்டையானாலோ, துப்பாக்கியின் அறையை மூடும் போல்ட் இறுகினாலோ அழுத்தம் மிஞ்சுகிறது என்று பொருள்; அங்கேயே நிறுத்திவிடுங்கள்.