நகரத் திட்டமிடலுக்கு எந்தத் திறனை முதலில் கற்க வேண்டும்?

மென்பொருள் பிறகு, முதலில் எண்ணைச் சந்தேகிக்கப் பழகுங்கள். 2011 கணக்கெடுப்பு சொல்லும் சென்னையின் சுமார் 46.5 லட்சம் பேர், பழைய 174 சதுர கி.மீ. எல்லைக்குள் வசித்தவர்கள். அதே ஆண்டு மாநகராட்சி 426 சதுர கி.மீ. ஆக விரிந்தது. பழைய மக்கள்தொகையைப் புதிய பரப்பால் வகுத்தால், 26,700 வரவேண்டிய அடர்த்தி 10,900 ஆகிவிடும். அதை நம்பிக் குடிநீருக்குத் திட்டம் போட்டால், உள்நகரத்தில் பாதிக்குமேல் பற்றாக்குறைதான்.

வரைபடத்துக்கு க்யூஜிஐஎஸ் என்ற மென்பொருள் போதும், இலவசம். பேருந்து நிறுத்தத்தைச் சுற்றி 500 மீட்டர் வட்டம் போடுமுன் நிறுத்தங்களின் தரவு அடுக்கை, டிகிரியில் அளக்கும் அட்சரேகை-தீர்க்கரேகை முறையிலிருந்து, மீட்டரில் அளக்கும் யூடிஎம் 44 வடக்கு என்ற, சென்னைக்குரிய ஆள்கூற்று முறைக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் 500 டிகிரி என்று எடுத்துக்கொள்ளும்.

எடுத்துச் சொல்வதும் கணக்குதான். வார்டு கூட்டத்தில் 'சதுர கி.மீ.க்கு 26,700' என்றால் யாருக்கும் உறைக்காது. 'தெரு, பூங்கா எல்லாம் சேர்த்தே ஒரு கிரவுண்டுக்கு ஆறு பேர்' என்று சொல்லிப் பாருங்கள்; உடனே கேள்விகள் வரும்.