பகிர்ந்த கோப்புறை திறக்கிறது, சேமிக்க முடியவில்லை

பகிர்ந்த கோப்புறையைக் கிராணி (அலுவலக எழுத்தர்) திறக்க முடிந்தும் அதில் சேமிக்க முடியவில்லையென்றால், கோப்புறையின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ சாளரத்தில் ‘ஷேரிங்’ பகுதியில் அவருக்கு முழு அனுமதி கொடுத்தால் மட்டும் போதாது. வலையமைப்பு வழியாக வருபவருக்கு விண்டோஸ் அதையும் அதே சாளரத்தின் ‘செக்யூரிட்டி’ பகுதியையும் சேர்த்துப் பார்த்து, குறைவான உரிமையையே தரும். தோட்ட அலுவலகத்தின் செம்பனைக் குலை எடைப் பதிவு அவருக்குத் திறந்தும் சேமிக்க மறுப்பதற்கு, இரண்டாவது பகுதியில் வாசிப்புரிமை மட்டுமே இருப்பது காரணமாகலாம்.

‘செக்யூரிட்டி’, ‘அட்வான்ஸ்ட்’, ‘எஃபெக்டிவ் அக்சஸ்’ எனச் சென்று அவர் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். எழுதும் உரிமை இல்லையெனில் ‘செக்யூரிட்டி’ பகுதியில் ‘மோடிஃபை’ (மாற்றும் உரிமை) கொடுங்கள்; அதையும் தனி ஆளுக்கன்றி, கிராணிமாருக்கென ஒரு குழு அமைத்து அதற்கே கொடுத்தால், ஒருவர் சுங்கை சிப்புட் அலுவலகத்திலிருந்து மாற்றலாகும்போது குழுவிலிருந்து நீக்கினாலே போதும். புதிதாகச் சேர்த்தவர் ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும்.

‘செக்யூரிட்டி’ பகுதியில் ‘ஃபுல் கண்ட்ரோல்’ (முழுக் கட்டுப்பாடு) வேண்டாம். அதைப் பெற்றவர் பிறருக்கும் உரிமை வழங்க முடியும். தொழிலாளர் சம்பளக் கோப்புகள் அதே கோப்புறையில் இருந்தால், முதலில் அவற்றைப் பிரித்துவிடுங்கள்.