வாசகர் கேள்வி: பெலின்சோனா கோட்டைகளை ஒரே நாளில் பார்க்க முடியுமா?

கேள்வி: சுவிட்சர்லாந்து செல்கிறோம். பெலின்சோனாவின் மூன்று கோட்டைகளையும் ஒரே நாளில் பார்க்கலாமா? உடன் வரும் அம்மாவுக்கு மூட்டு வலி உண்டு.

பதில்: தாராளமாகப் பார்க்கலாம். எந்த வரிசையில் போகிறீர்கள் என்பதுதான் முக்கியம். பலர் ஊரிலிருந்து ஏறத் தொடங்கி, இரண்டாவது கோட்டையிலேயே களைத்துவிடுகிறார்கள். மேலிருந்து தொடங்குங்கள். நகரத்தைவிட சுமார் 230 மீட்டர் உயரத்திலுள்ள சாஸோ கொர்பாரோவுக்கு டாக்ஸியில் போய்விடுங்கள். 1478இல் ஜொர்னிகோ போரில் சுவிஸ் படையிடம் தோற்ற மிலான் (அப்போது இவ்வூரை ஆண்ட இத்தாலிய அரசு), மறு ஆண்டே அவசரமாகக் கட்டிய கோட்டை அது.

அங்கிருந்து அடுத்த கோட்டையான மொன்டெபெல்லோவுக்கு நடந்து இறங்கலாம். ஆனால் மூட்டு வலிக்காரர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எதிரி. ஒவ்வொரு அடியிலும் உடல் எடை முழங்காலில் விழும். மழை பெய்தால் கல் படிகள் வழுக்கும். அம்மாவை டாக்ஸியிலேயே அனுப்பிவிடுங்கள்.

மூன்றாவது கோட்டையான காஸ்டெல்கிராண்டேவைக் கடைசியாக வையுங்கள். சோலே சதுக்கத்தில் பாறையைக் குடைந்து லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். மேலே புல்வெளி முற்றத்திலேயே வெளிவரலாம். மதில் உச்சியில் பல்வரிசை போல நிற்கும் கற்கட்டுகள் நடுவில் பிளந்திருப்பதைக் கவனியுங்கள். பள்ளத்தாக்கை மறித்து மேற்கே ஓடும் நீண்ட மதிலையும் தவறவிடாதீர்கள். வடக்கிலிருந்து வரும் படையைத் தடுக்கத்தானே இத்தனை ஏற்பாடும்!

குளிர்காலத்தில் மேலுள்ள இரு கோட்டைகளின் அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை செல்வதே நல்லது. சனிக்கிழமை காலை என்றால் பழைய நகரில் சந்தையும் உண்டு.