'உஷார்' தமிழ்ச் சொல்லா? அதன் சரியான பொருள் என்ன?

தமிழ் இல்லை. பாரசீகத்தில் பிறந்து உருது வழியாக நம்மிடம் வந்த சொல்.

மூலம் 'ஹோஷியார்'. ஹோஷ் என்றால் அறிவு, புத்தி, சுயநினைவு. யார் என்றால் தோழன், துணை. ஒரு சொல்லின் பின்னால் ஒட்டும்போது 'அதை உடையவன்' என்று ஆகிவிடும். பக்தியார் என்ற பெயரில் இருப்பதும் இதே யார்தான் (பக்த் என்றால் அதிர்ஷ்டம், நம்ம பக்தி அல்ல). ஆக, புத்தியைத் துணைக்கு வைத்திருப்பவன் ஹோஷியார். மயங்கி விழுந்தவரை இந்தியில் 'பேஹோஷ்' என்பார்கள், அதிலும் இந்த ஹோஷ்தான். இன்றைய ஈரானில் செயற்கை நுண்ணறிவுக்குப் பெயர் 'ஹூஷே மஸ்னூயி'. நம் உஷாரின் முதல் பாதி அங்கே கணினிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது!

ஹல்வா அல்வா ஆனது, ஹாஜிர் ஆஜர் ஆனது. அதே மாதிரி இதிலும் முன்னால் இருந்த ஹகரம் உதிர்ந்துவிட்டது. ஆற்காட்டு நவாபுகள், தஞ்சை மராட்டியர் காலத்தில் வசூல், ஜாமீன், வக்கீல் என்று இப்படி ஏகப்பட்ட சொற்கள் தமிழில் புழங்கத் தொடங்கின.

நான் இருப்பது பெங்களூரு சிவாஜி நகர் பக்கம். இங்கே ஒரே தெருவில் இந்தச் சொல் வேறு வேறு பொருளில் காதில் விழும். உருது பேசுகிறவர் ஒரு பையனை ஹோஷியார் என்றால் அவன் கெட்டிக்காரன். கன்னடத்தில் 'ஹுஷாராகி ஹோகி' என்றால் பார்த்துப் போங்க. ஆனால் 'மகளிகெ ஹுஷாரில்ல' என்றால் மகளுக்கு உடம்பு சரியில்லை! ஊருக்குப் புதிதாக வந்த தமிழர்கள், பிள்ளை கொஞ்சம் மந்தமோ என்று நினைத்துக்கொள்வது இந்த இடத்தில்தான். சுயநினைவு, தெளிவு, தெம்பு என்று பொருள் நகர்ந்திருப்பதைப் பார்த்தால் இதில் விநோதம் எதுவும் இல்லை. ஈழத்தமிழிலும் உசாராக இருக்கிறார் என்றால் சுறுசுறுப்பாக இருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

தமிழ்நாட்டுத் தமிழ் இதில் எச்சரிக்கையைத்தான் அதிகம் எடுத்துக்கொண்டது. ஆனாலும் 'ஆளு உஷாரு' என்னும்போது பழைய புத்தி எட்டிப் பார்க்கும். நூற்றுக்கு நூறு வாங்குகிறவன் கெட்டிக்காரன், அவன் உஷாராக இருக்கவேண்டும் என்று இல்லை. பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் இந்த ஊரில், காலி செய்யும்போது பெயின்ட் செலவுக்கு எவ்வளவு பிடிப்பீர்கள் என்று வீடு பார்க்கப் போன அன்றே கேட்கிறார் பாருங்கள், அவர் உஷார். எதிராளி சொல்லாமல் விட்டதைக் கவனிப்பவர்.

சென்னைப் பேச்சில் 'உஷார் பண்ணிட்டான்' என்றால் எதையோ லவட்டிவிட்டான் என்றும் அர்த்தம். திருடனுக்கு எதிராகச் சொன்ன சொல்லைத் திருடனே எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நல்ல தமிழில் வேண்டும் என்று கேட்பவர்கள் 'விழிப்பு' என்பார்கள். எனக்கு அதில் திருப்தி இல்லை, சாமர்த்தியம் அதில் வரவில்லை. 429ஆம் குறளில் வரும் 'எதிரதாக் காக்கும் அறிவு' கச்சிதமாகப் பொருந்துகிறது. வரப்போவதை முன்பே கண்டு காத்துக்கொள்ளும் அறிவு. என்ன, மெஜஸ்டிக் பஸ் நிலைய நெரிசலில் பர்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்ல அது ரொம்ப நீளம்.