எல்லாக் கொண்டோவுக்கும் ஏன் ஒரே முகம்? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில், எக்ளின்டன் கிழக்கில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள பழைய பிளாசாவை (கடைத்தொகுதியை) இடித்துவிட்டு நான்கு கொண்டோ கோபுரங்கள், அதாவது சொந்தமாக வாங்கும் அடுக்குமாடி வீடுகள், கட்டப்போகிறார்கள். பொதுக்கூட்டத்துக்குப் போயிருந்தேன். "கண்ணாடிப் பெட்டி", "எல்லாம் ஒரே மாதிரி", "பார்க்கவே சகிக்கவில்லை" என்று பலர் பேசினார்கள். "நன்றாகத்தானே இருக்கிறது, வீடு வந்தால் போதும்" என்றும் சிலர் சொன்னார்கள். நகரசபை அலுவலர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அடுத்து வந்த வரைபடத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. கட்டடக் கலைஞர்களுக்கு ரசனை அற்றுப்போய்விட்டதா? எங்கள் கருத்துக்கு ஏதும் பெறுமதி உண்டா?

– ஒரு வாசகர், ஸ்காபரோ

அன்புள்ள நண்பருக்கு,

பெறுமதி உண்டு. ஆனால் எதைச் சொல்கிறோம், எந்தக் கட்டத்தில் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. "பார்க்கச் சகிக்கவில்லை" என்ற கருத்தை வைத்து அலுவலர் எதையும் மாற்றச் சொல்ல முடியாது. 2022இல் ஒன்ராறியோ நிறைவேற்றிய 23ஆம் சட்டமூலம், சைட் பிளான் கட்டத்தில், அதாவது காணியில் கட்டடம் அமையும் விதத்தை நகரசபை விவரமாகப் பரிசீலிக்கும் கட்டத்தில், கட்டடத்தின் வெளித்தோற்றத்தில் தலையிடும் அதிகாரத்தை நகரசபைகளிடமிருந்து பெருமளவு எடுத்துவிட்டது. பாதுகாப்பு, மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி, சூழல் பேணும் வடிவமைப்பு போன்றவற்றோடு தொடர்புள்ள அம்சங்களே மிஞ்சியிருக்கின்றன. நிறம் பிடிக்கவில்லை என்றால் அது எங்கள் அபிப்பிராயம் மட்டுமே. உயரம், கோபுரத்தின் பருமன், இடைவெளி, எந்தத் தளத்திலிருந்து எத்தனை மீட்டர் உள்வாங்க வேண்டும் என்பவை சோனிங்கில், அதாவது காணியில் எதை எவ்வளவு கட்டலாம் என்று சொல்லும் நகரசபை விதியில், எழுதப்படுகின்றன. அங்கே இன்னும் பிடி இருக்கிறது.

ஒரே முகம் ஏன் வருகிறது என்பதற்கு ரசனையைவிடக் கணக்கே காரணம். ரொறன்ரோவின் 2013ஆம் ஆண்டு உயர்கட்டட வழிகாட்டி, கோபுரத்தின் ஒரு தளம் 750 சதுர மீட்டருக்கு மேல் போகக்கூடாது, கோபுரங்களுக்கிடையே 25 மீட்டர் வேண்டும் என்கிறது. வெயிலும் வானமும் தெருவுக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்கான நல்ல விதி அது. ஆனால் கட்டும் நிறுவனங்கள் அந்த 750ஐ முழுதாக நிரப்புகின்றன. சதுரமாக எடுத்தால் பக்கத்துக்கு 27 மீட்டர் சொச்சம். நான்கு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 110 மீட்டர் வெளிச்சுவர். தளத்துக்குப் பத்து வீடு வைத்தால் ஒரு வீட்டுக்குச் சராசரி 11 மீட்டர். மூலை வீடுகள் கூடுதலாக எடுத்துக்கொள்வதால் நடு வீடுகளுக்கு அதுவும் கிடைப்பதில்லை. லிஃப்டும் படியும் நடுவில் இருப்பதால் வீடு உள்நோக்கி நீள்கிறது. அந்த ஒடுங்கிய முகப்பு வழியாகவே முழு வீட்டுக்கும் வெளிச்சம் வரவேண்டும். எனவே தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி.

அந்தக் கண்ணாடியை எப்படிப் பொருத்துகிறார்கள் என்று பாருங்கள். இங்கே கொண்டோக்களில் பெரும்பாலும் இருப்பது விண்டோ வோல். கீழ்த்தளத்துக் கொங்கிறீற் தட்டுக்கும் மேல்தளத்துத் தட்டுக்கும் நடுவே அலுமினியச் சட்டத்தை நிறுத்தி, உள்ளே நின்றபடியே பொருத்திவிடலாம். வெளியே தொங்குமேடை அதிகம் தேவைப்படாது. வேலை சுறுக்காக முடியும், செலவும் குறைவு. அலுவலகக் கோபுரங்களில் பார்க்கும் கேட்டின் வோல், தட்டுகளுக்கு வெளியே திரைபோலத் தொடர்ச்சியாக இறங்கும். அதற்குச் செலவு கூட. வித்தியாசத்தைத் தெருவில் நின்றே கண்டுபிடிக்கலாம். விண்டோ வோலில் ஒவ்வொரு தளத்திலும் தட்டின் விளிம்பை மூடிய உலோகப் பட்டி ஒன்று ஓடும். மேலும் கீழும் உள்ள கண்ணாடியின் நிறத்தோடு அது பெரும்பாலும் ஒட்டாது. அதோடு திறக்கும் யன்னலின் தடித்த சட்டமும், சமையலறை, குளியலறைக் காற்று வெளியேறும் சிறு கிரில்களும் சேரும். கூட்டத்தில் காட்டிய படத்தில் இவற்றில் ஒன்றுமே இருந்திருக்காது. அந்தி வெளிச்சம், தூய கண்ணாடி, உள்ளே மஞ்சள் விளக்கு என்றுதான் வரைவார்கள். கட்டி முடிந்தபின் மக்களுக்கு வரும் ஏமாற்றத்தில் பாதி இந்த இடைவெளியிலிருந்து வருகிறது.

குளிருக்கும் அது உகந்த சுவர் அல்ல. சட்டம், பட்டி, ஒளிபுகாப் பலகை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் இப்படிப்பட்ட சுவரின் வெப்பத்தடை சாதாரணமாக R 2க்கும் 4க்கும் இடையில்தான் நிற்கும் (R எண் கூடக்கூடச் சூடு வெளியேறுவது குறையும்). இரட்டைக் கண்ணாடியின் விளிம்பை அடைக்கும் சீல் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் விட்டுப்போகத் தொடங்கும். இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே பனிமூட்டம் படியும். அதை மாற்றும் செலவு ரிசர்வ் ஃபண்டில் (பெரிய திருத்தங்களுக்காகச் சேர்க்கும் பொது நிதியில்), அதாவது அங்கே வீடு வாங்கும் எங்கள் ஆட்களின் மாதக் கட்டணத்தில் விழும். தோற்றத்தைப் பற்றிய பேச்சில் இதையும் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மக்கள் விரும்பும் கோபுரங்களும் உண்டு. மிசிசாகாவில் 2012இல் முடிந்த அப்சலூட் கோபுரங்கள் ஒரு சர்வதேசப் போட்டியில் பிறந்தவை. மாட் (MAD) என்ற கட்டடக்கலை நிறுவனத்தின் வடிவம். தளத்துக்குத் தளம் திரும்பும் அந்த உடலைப் பார்த்து ஊரே "மர்லின் மன்றோ" என்று செல்லப்பெயர் வைத்தது. யங்-புளோர் சந்தியில் ஹரிரி பொன்டாரினி என்ற கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்த வன் புளோர் ஈஸ்ட் கோபுரத்தின் அலைவடிவமும் பலருக்குப் பிடித்திருக்கிறது. இரண்டிலும் கண்ணை இழுப்பது பல்கனி. தட்டின் விளிம்பை வளைத்து வெட்டுவதற்குச் சுவரை வளைப்பதைவிடச் செலவு மிகக் குறைவு. ஆனால் வெப்பத்தடுப்பில்லாமல் வெளியே நீளும் ஒவ்வொரு கொங்கிறீற் பல்கனியும், மோட்டார் சைக்கிள் எஞ்சினின் குளிர்விக்கும் தகடுகளைப்போல வீட்டுச் சூட்டை வெளியே கடத்திவிடும். வெப்பத்தை மறிக்கும் இணைப்பு வைத்தால் இது வெகுவாகக் குறையும். செலவு என்று சொல்லி வெட்டப்படுவதும் அதுதான். பல்கனித் தடுப்புக் கண்ணாடி இன்னொரு பாடம். 2011 கோடையில் நகர மையத்தில் பல கொண்டோக்களிலிருந்து கண்ணாடி நொறுங்கித் தெருவில் கொட்டியது. கண்ணாடிக்குள் இருந்த நிக்கல் சல்பைட் துகள்களும், உலோகத்தோடு உரசிய விளிம்புகளும் பேசப்பட்ட காரணங்கள். 2012இல் கட்டட விதியே மாறியது.

ரொறன்ரோ நகர மையத்தை ஒட்டிய செயின்ட் ஜேம்ஸ் டவுனின் அறுபதுகளின் செங்கல் கோபுரங்களை எங்கள் ஆட்கள் பலருக்கு உள்ளிருந்து தெரியும். அவையும் ஒன்றைப்போல் ஒன்று இருப்பவையே. ஆகவே ஒரே மாதிரி இருப்பது மட்டும் குற்றமல்ல. நடந்து போகிறவருக்கு முதல் நான்கைந்து தளங்களே கட்டடம். நாற்பதாம் தளத்தின் வளைவைவிட அங்கே என்ன இருக்கிறது என்பது முக்கியம்.

இனி நீங்கள் எழுத வேண்டியது. நகரசபையின் இணையத்தில் விண்ணப்ப எண்ணை வைத்து முழு வரைபடத்தொகுதியையும் இறக்கலாம். படங்களை விட்டுவிட்டு, தெரு மட்டத்திலுள்ள முதல் தளத்தின் பிளானைத் திறவுங்கள். தெருப்பக்கம் எவ்வளவு நீளம் கடை, எவ்வளவு நீளம் லொறிக் கதவு, கார் இறங்குவழி, எரிவாயு மீட்டர், நிலவறைக் காற்றுப்போக்கி என்று அளந்து எழுதுங்கள். முதல் தளத்துக்கு வழிகாட்டி கேட்கும் 4.5 மீட்டர் உயரம் இருக்கிறதா, அடித்தொகுதிக்கு (கோபுரத்தின் கீழே உள்ள அகன்ற சில தளங்களுக்கு) மேலே கோபுரம் 3 மீட்டராவது உள்வாங்குகிறதா என்று பாருங்கள். செங்கல் என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் மெல்லிய செங்கல் பதித்து, தொழிற்சாலையில் முன்கூட்டியே வார்த்த கொங்கிறீற் பலகையாக இருக்கும். பலகைகளின் பொருத்துக்கோடு எங்கே வரும், செங்கல் மூலையைத் திரும்பிப் பக்கச்சுவருக்கும் போகிறதா என்று கேளுங்கள். முகப்பில் செங்கல் போட்டு, மூலை தாண்டி ஒரு மீட்டரில் சாம்பல் உலோகத்துக்கு மாறுவது இங்கே வழக்கமாகிவிட்டது. சுவரில் கண்ணாடி எத்தனை வீதம் என்றும் கேளுங்கள். அது தோற்றத்தோடு மட்டுமல்ல, சக்திச் சிக்கனத்தோடும் சேர்ந்த கேள்வி.

இவற்றைத் தீர்மானம் சபைக்குப் போவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். 2024இல் வந்த 185ஆம் சட்டமூலத்துக்குப் பிறகு, சோனிங் தீர்மானத்தை எதிர்த்து அயலவர் ஒன்ராறியோ காணித் தீர்ப்பாயத்துக்குப் போகும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. விண்ணப்பித்த நிறுவனமோ, சபை 90 நாளில் முடிவு சொல்லாவிட்டால், நகரத்திட்ட மாற்றமும் சேர்ந்திருந்தால் 120 நாளில், நேரே அங்கே போகலாம். உங்கள் கடிதம் அதற்கு முன்பே கோப்பில் இருக்க வேண்டும். திட்டமிடல் அலுவலருக்கு எழுதி, கவுன்சிலருக்குப் பிரதி போடுங்கள். விண்ணப்ப எண்ணைத் தலைப்பில் குறிப்பிட்டு, தீர்மானத்தை அறிவிக்கும்படி கடைசி வரியில் கேளுங்கள்.