மாங்காய் விலை விழுந்து கடன் ஏறிவிட்டது, செபித்தும் பலனில்லை. பூசைக்குப் போவதை நிறுத்தினால் என்ன ஆபத்து?

கிருஷ்ணகிரிப் பக்கம் பாறை மேல் அரையடி மண் இருக்கும் நிலத்தைப் பார்த்திருப்பீர்கள். விதை சட்டென முளைக்கும், வெயில் ஏறியதும் கருகும். மத்தேயு 13-இல் இயேசு சொல்லும் உவமை இதுதான். துன்பம் வந்ததும் இடறுகிறவனுக்கு வேர் இல்லை என்கிறார்.

விசுவாசம் ஒரே நாளில் போவதில்லை. "கடன் என்னாச்சு?" என்று யாராவது கேட்பார்களோ என்ற கூச்சத்தில் முதலில் ஒரு ஞாயிறு தவறும். பிறகு அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டம், கடைசியில் வீட்டுச் செபம். உங்களைத் தாங்கக்கூடிய ஆட்களைத் தேவைப்படும் நேரத்திலேயே இழப்பதுதான் முதல் ஆபத்து. எபிரேயர் 10:25 சபைக் கூட்டங்களை விடாதீர்கள் என்பதும் துன்பப்பட்டுக் களைத்தவர்களிடம்தான். அதே அதிகாரம் பின்வாங்குவதை அழிவு என்கிறது. மென்று விழுங்கிச் சொல்லவில்லை.

ஆனால் சந்தேகம் வேறு, கைவிடுவது வேறு. கடவுளிடம் கோபப்படலாம். திருப்பாடல் 88 ஆறுதலே இல்லாமல் இருளில் முடிகிறது, அதுவும் செபம்தான். செபிக்க வார்த்தை வராத இரவில் அதையே சத்தமாக வாசியுங்கள். சாக விரும்பிய இறைவாக்கினர் எலியாவுக்கு வானதூதர் முதலில் கொடுத்தது அப்பமும் தண்ணீரும்தான் (1 அரசர் 19). எனவே சாப்பாட்டையும் தூக்கத்தையும் விடாதீர்கள்.

பங்குசாமியாரிடமோ நம்பகமான ஒருவரிடமோ கடன் தொகையை மறைக்காமல் சொல்லுங்கள். தவணையைத் தள்ளிவைக்க வங்கியில் எழுதிக் கொடுங்கள். செபம் அதற்கு மாற்று அல்ல. "காணிக்கை போட்டால் கடன் தீரும்" என்பவரிடம் மட்டும் போகாதீர்கள். அந்த வாக்கு பொய்த்ததும் விசுவாசத்தையே விட்டுவிடுகிறவர்கள் உண்டு.