உப்பு வந்த வழி, பொன் போன வழி: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் மேற்கு ஆப்பிரிக்காவின் பழைய கானா, மாலி அரசுகள் பற்றி எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளில் சில.

உப்பையும் தங்கத்தையும் எடைக்கு எடை மாற்றிக்கொண்டார்கள் என்று சொல்கிறார்களே, உண்மையா? (ஆசிரியை, திண்டுக்கல்)

உண்மையில்லை. விலைக் கணக்கே கிடைத்திருக்கிறது. 1352இல் மொரோக்கோவின் சிஜில்மாசாவிலிருந்து சகாரா பாலைவனத்தைக் கடந்த பயணி இபின் பதூதா அதை எழுதி வைத்திருக்கிறார்.

வழியில் தகாசா என்ற சுரங்க ஊர். தோண்டினால் உப்பு பெரும் பாளங்களாக, யாரோ செதுக்கி அடுக்கி வைத்தது போலக் கிடக்கும். மரம் ஒன்றுகூட இல்லாத ஊர் அது. வீட்டுக்கும் பள்ளிவாசலுக்கும் சுவர் உப்புப் பாளம், கூரை ஒட்டகத் தோல். வெட்டியவர்கள் அடிமைகள். ஓர் ஒட்டகத்துக்கு இரண்டு பாளம். அந்தச் சுமை பாலைவனத்தின் தென் விளிம்பிலுள்ள வலாத்தாவில் 8 முதல் 10 மித்கால் பொன்னுக்கும், மாலியின் தலைநகரில் 20 முதல் 30, சில சமயம் 40 மித்காலுக்கும் விற்றது. ஒரு மித்கால் சுமார் 4.25 கிராம். 30 மித்கால் என்றால் நம் கணக்கில் ஏறத்தாழ 16 சவரன். ஒட்டகச் சுமையை 150 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒரு கிராம் பொன்னுக்கு ஒரு கிலோவுக்கும் மேல் உப்பு. எடைக்கு எடை எங்கே, இது எங்கே!

ஆனாலும் 16 சவரன் சின்ன விலையில்லை. சிஜில்மாசாவிலிருந்து வலாத்தா போய்ச் சேர இரண்டு மாதம் ஆனது. தகாசாவைத் தாண்டிய பின் ஒரு நீர்நிலையில் மூன்று நாள் தங்கி, தோல் பைகளைத் தைத்துச் சரிசெய்து, நீர் நிரப்பி, காற்றில் வற்றாமலிருக்க மேலே சாக்குத் துணி சுற்றித் தைப்பார்கள். அங்கிருந்து 'தக்ஷீஃப்' என்ற தூதன் தனியாக முன்னால் போவான். அவன் வலாத்தா சேர்ந்து கடிதம் கொடுத்தால்தான் ஊரார் நான்கு நாள் தூரம் தண்ணீரோடு எதிர்கொண்டு வருவார்கள். அவன் வழியில் மாண்டுபோனால் செய்தி போகாது. பின்னால் வரும் கூட்டம் தாகத்தில் மடிய வேண்டியதுதான். இபின் பதூதா போன கூட்டம் அவனுக்குக் கொடுத்த கூலி 100 மித்கால், அதாவது 53 சவரன். உப்பின் விலையில் இந்தக் கூலியும் அடக்கம்.

கானா மன்னருக்குச் சொந்தமாகத் தங்கச் சுரங்கம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். பின் எப்படி அவ்வளவு செல்வம்? (வணிகர், விருதுநகர்)

சுங்கம்தான். முதலில் இடத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். பழைய கானா இன்றைய கானா நாடு இல்லை. அது இன்றைய மொரித்தானியாவின் தென்கிழக்கிலும் மாலியின் மேற்கிலும் இருந்த சோனின்கே மக்களின் அரசு. அவர்கள் வைத்த பெயர் வகாது. பொன் விளைந்த பம்புக் அதற்குத் தெற்கே, செனகல், ஃபலேமே ஆறுகளுக்கு இடையே இருந்தது. உப்பு வடக்கே. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவர் கானா மன்னர்.

நடு என்பது வெறும் வரைபட விஷயமில்லை. ஒட்டகம் பாலைவனத்துக்கு ஏற்ற மிருகம். ஈரமும் ஈயும் மிகுந்த தென்னாட்டில் நோய்ப்பட்டுச் சாகும். அதனால் புல்வெளி தொடங்கும் இடத்தில் பொதியை இறக்கிக் கழுதை மேல் ஏற்றியாக வேண்டும். சரக்கு கைமாறும் அந்த இடத்தைப் பிடித்தவருக்கு வரி கிடைக்கும்.

1068இல் ஸ்பெயினின் கோர்டோபாவில் இருந்துகொண்டே வணிகர் வாய்ச்செய்திகளைத் தொகுத்த அறிஞர் அல்-பக்ரி, வரி விகிதத்தையும் தருகிறார். உப்பு ஏற்றிய ஒவ்வொரு கழுதைக்கும் உள்ளே வரும்போது ஒரு தினார் (பொற்காசு), வெளியே போகும்போது இரண்டு தினார். செம்புச் சுமைக்கு 5 மித்கால், மற்றச் சரக்குச் சுமைக்கு 10 மித்கால். உப்புக்கு வெளியே போகையில் ஏன் இரட்டிப்பு? தெற்கே பொன் நாட்டுக்குப் போகிற உப்புக்குத்தான் லாபம் அதிகம். தாங்கக்கூடிய இடத்தில் வரியை வைத்தார்கள் என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது.

இன்னொரு விதி இதைவிடக் கூர்மையானது. கட்டியாகக் கிடைக்கும் பொன் முழுவதும் மன்னருக்கு. பொடிப்பொன் மட்டும் மக்களுக்கு. இல்லாவிட்டால் பொன் பெருகி விலை விழுந்துவிடும் என்று அல்-பக்ரியே காரணம் சொல்கிறார். சந்தைக்கு எவ்வளவு பொன் வரலாம் என்பதை அரண்மனை தீர்மானித்தது என்று பொருள். குதிரை கட்டும் முளையாகவே ஒரு பெரும் பொற்கட்டி இருந்ததாக 1154இல் புவியியலாளர் அல்-இத்ரீசி எழுதுகிறார்.

பேசாமலே வியாபாரம் செய்தார்கள் என்பது கட்டுக்கதையா? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

மேற்கு ஆப்பிரிக்காவைப் பற்றிய இந்தக் கதைகள் பெரும்பாலும் ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருப்பிச் சொன்னவை. அங்கே வங்காரா எனப்பட்ட மேற்கு ஆப்பிரிக்க முஸ்லிம் வணிகர்கள் மொழி தெரிந்து, பேசித்தான் வியாபாரம் செய்தார்கள். ஆனால் கிழக்கே அக்சும் அரசிலிருந்து வந்த விவரம் ஒன்றை அப்படித் தள்ளிவிட முடியாது. அக்சும் இன்றைய எத்தியோப்பியா, எரித்திரியா பகுதியில் இருந்தது. 6ஆம் நூற்றாண்டில் அதன் துறைமுகமான அடூலிசுக்கு வந்த அலெக்சாந்திரியா வணிகர் காஸ்மாஸ் எழுதியது அது.

ஓராண்டு விட்டு ஓராண்டு, அக்சும் மன்னர் அகவ் நாட்டு ஆளுநர் மூலம் ஆட்களைப் பொன் கிடைக்கும் சாசு நாட்டுக்கு அனுப்புவார். தனி வணிகரும் சேர்ந்து 500 பேருக்கு மேல் போவார்கள். கொண்டுபோவது மாடு, உப்பு, இரும்பு. இடம் சேர்ந்ததும் முள்ளை வெட்டிப் பெரிய வேலி போட்டு உள்ளே தங்குவார்கள். மாட்டை அறுத்துக் கறித்துண்டுகளை வேலி முள் மேல் வைப்பார்கள்; உப்பும் இரும்பும் அப்படியே. உள்ளூரார் வந்து, பிடித்த பொருளின் மேல் பருப்பளவான பொன்மணிகளை ஒன்றோ இரண்டோ வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள். பொருளுக்குடையவர் வந்து பார்ப்பார். திருப்தியானால் பொன்னை எடுத்துக்கொள்வார். உள்ளூரார் பொருளை எடுத்துக்கொள்வார்கள். போதாது என்றால் பொன்னைத் தொடாமல் விட்டுவிடுவார். அப்போது உள்ளூரார் இன்னும் கொஞ்சம் வைப்பார்கள், அல்லது பொன்னைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

மொழி வேறு, மொழிபெயர்ப்பாளர் கிடையாது என்பதே இதற்குக் காஸ்மாஸ் தரும் காரணம். ஐந்து நாள் அங்கே தங்கல். போகவர ஆறு மாதம். போகும்போது மாடுகளால் நடை மெதுவாகும். திரும்பும்போது ஆயுதத்தோடு கூட்டமாக ஓட்டமும் நடையுமாக வருவார்கள். பொன்னைப் பறிக்கக் காத்திருப்பவர்கள் ஒருபுறம். மழைக்காலம் பிடித்துக்கொண்டால் ஆறுகள் பெருகி வழி அடைபடும் என்பது மறுபுறம்.

கானா மன்னர் இஸ்லாத்தைத் தழுவாமலே முஸ்லிம்களை அமைச்சர்களாக வைத்திருந்தது எப்படி? (வாசகர், காயல்பட்டினம்)

தலைநகரே இரண்டு ஊராக இருந்தது. ஒன்றில் முஸ்லிம் வணிகர்கள், 12 பள்ளிவாசல்கள், இமாம்கள், சட்டம் கற்றவர்கள். சுமார் ஆறு மைல் தள்ளி மன்னரின் ஊர். பெயர் அல்-காபா, சோலை என்று பொருள். மன்னர் குலத்துக் கல்லறைகளும் தெய்வ உருவங்களும் அந்தச் சோலைகளில் இருந்தன. காவலைத் தாண்டி யாரும் உள்ளே போக முடியாது. மன்னரின் ஊரிலேயே, சபைக்கு வரும் முஸ்லிம்கள் தொழ ஒரு பள்ளிவாசலும் உண்டு.

மொழிபெயர்ப்பாளர்கள், கருவூலப் பொறுப்பாளர், அமைச்சர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். எழுத்து, கணக்கு, தொலைதூர வணிகரோடு பொதுவான சட்டம் எல்லாம் அவர்களிடம் இருந்தன. மன்னர் முன் அவருடைய மதத்தார் மண்டியிட்டுத் தலையில் மண் தூவிக்கொள்வார்கள். முஸ்லிம்கள் கைதட்டினால் போதும். வாரிசு உரிமை மன்னரின் சகோதரி மகனுக்கு. 1063இல் துன்கா மனின் பஸி என்ற தன் தாய்மாமனுக்குப் பின் பட்டத்துக்கு வந்ததும் அப்படியே. அதிகாரத்தின் வேர் சோலையிலும் தாய்வழியிலும் இருந்ததால், கணக்கை வேறு மதத்தாரிடம் கொடுக்க மன்னர் அஞ்ச வேண்டியிருக்கவில்லை.

முஸ்லிமான மாலி மன்னர் மன்சா மூசாவும் இதே நுணுக்கத்தை அறிந்திருந்தார். பொன் விளையும் ஊரைப் பிடித்து அங்கே பாங்கு ஒலிக்கத் தொடங்கினால் பொன் குறைந்துபோகிறது, பக்கத்து ஊரில் கூடுகிறது; ஆகவே அவர்களை அவர்கள் வழியில் விட்டு, கப்பம் மட்டும் வாங்குகிறோம் என்று மாலி மன்னர்களின் அனுபவத்தை அரபு எழுத்தாளர் அல்-உமரி பதிந்திருக்கிறார். சுரங்கக்காரர்கள் வேலையை விட்டு நகர்ந்துபோவதைத்தான் இது சொல்கிறது என்று படிக்கிறோம்.

அல்மொராவிகள் 1076இல் கானாவை அழித்தார்களா? (வாசகர், சேலம்)

சகாராவில் எழுந்த பெர்பர் முஸ்லிம் அரச இயக்கத்தினரான அல்மொராவிகள் 1054–55இல் அவ்தகஸ்த் என்ற வணிக ஊரைப் பிடித்தது உறுதி. கானாவையே அழித்தார்கள் என்பதை இன்று பல ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. 1154இல் எழுதிய அல்-இத்ரீசி கானாவைச் செழித்த நகராகவே காட்டுகிறார், முஸ்லிம் மன்னரோடு.

மன்சா மூசா கெய்ரோவில் தங்கத்தை இறைத்து எகிப்தின் பொருளாதாரத்தையே நாசமாக்கினார் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. சரியா? (வாசகர், கோவை)

1324இல் ஹஜ் செல்லும் வழியில் கெய்ரோ வந்தார், பொன்னை வாரிக் கொடுத்தார், விலை சரிந்தது, அதுவரை சரி. அல்-உமரி தரும் கணக்குப்படி, அதற்கு முன் 25 வெள்ளித் திர்ஹத்துக்குக் குறையாமலிருந்த ஒரு மித்கால் பொன், பின்பு 22க்கும் கீழே இறங்கியது. சுமார் 12 ஆண்டு அப்படியே நீடித்தது. நூற்றுக்குப் பன்னிரண்டு சரிவு. நாணயமாற்றுக்காரருக்கு அடிதான், நாசம் இல்லை. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: ஒரு தினார் பெறாத சட்டையை மாலிக்காரர்களிடம் ஐந்து தினாருக்கு விற்றார்கள் கெய்ரோ வணிகர்கள். திரும்பும்போது மூசாவே வட்டிக்குக் கடன் வாங்க நேர்ந்தது. 'உலகின் மிகப்பெரிய பணக்காரர், இத்தனை கோடி டாலர்' என்ற கணக்குக்கு எந்த ஆதாரமும் இல்லை.

மதம் மாறியதைக் காசில் பொறித்த ஆப்பிரிக்க மன்னர் உண்டா? (நாணயச் சேகரிப்பாளர், திருச்சி)

உண்டு. 4ஆம் நூற்றாண்டில் அக்சுமை ஆண்ட எசானா. அவர் தொடக்கத்தில் வெளியிட்ட காசுகளில் பிறையும் வட்டமும் இருக்கும். கிறித்தவரான பின் வந்தவற்றில் அந்த இடத்தில் சிலுவை. அக்சும் பொற்காசுகளில் எழுத்து கிரேக்கம், வெளிநாட்டு வணிகர் படிப்பதற்கு. வெள்ளி, செம்புக் காசுகள் காலப்போக்கில் உள்ளூர் கீஸ் மொழிக்கு மாறின. சேகரிப்பவர் என்பதால் ஒன்று சொல்கிறோம்: சில வெள்ளி, செம்புக் காசுகளில் மன்னரின் தலையைச் சுற்றி மட்டும் பொன் பதித்திருப்பார்கள். தேய்ந்த காசானாலும் அந்த இடத்தைச் சுரண்டியோ அமிலம் போட்டோ துலக்கிவிடாதீர்கள், பொன் போய்விடும். மன்னர் பெயரே இல்லாமல் 'இது நாட்டுக்கு உவப்பாகட்டும்' என்று மட்டும் பொறித்த செம்புக் காசும் உண்டு. அது உள்ளூர்ச் சந்தையில் கைமாறியது.